கோவை டாக்டர் வீடியோவில் பார்க்கிறார், பணத்தை எந்தக் காப்பீடு தரும்?

கேள்வி: வயது 29, பெரம்பூர். அம்பத்தூரில் ஒரு நிறுவனத்தில் 19,000 ரூபாய் சம்பளம், இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். அம்மாவுக்கு 56 வயது. மூன்று வருடமாக இருமுனை மனநிலைக் கோளாறுக்கு லித்தியம் சாப்பிடுகிறார். பார்த்துவந்த டாக்டர் கோவைக்கு மாறிவிட்டதால் ஒன்பது மாதமாக வீடியோவில்தான் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் 700 ரூபாய், மாத்திரை தனி. அப்பா இருந்தபோது எடுத்த முதல்வர் காப்பீட்டு அட்டையைக் கொண்டுபோய்க் கேட்டால், 'போன் வைத்தியத்துக்கெல்லாம் கிடையாது' என்று சொல்லிவிட்டார்கள். அக்கா ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறாள், அவள் குரூப் பாலிசியில் அம்மா பெயர் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் மாமா, 'ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்திருந்தால் இன்சூரன்ஸ் கொடுத்தே ஆக வேண்டும்' என்கிறார். போன வாரம் வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச் சீட்டில் இருந்த அல்ப்ரசோலாம் என்ற பதற்றத்துக்கான மாத்திரையைத் தெருமுனை மெடிக்கல் கடைக்காரர் தர மறுத்துவிட்டார். சில நாள் அம்மா வீடியோவுக்கே உட்கார மாட்டேன் என்கிறார், நானே பேச வேண்டியிருக்கிறது. இதில் எது சரி, எது தவறு?

பதில்:

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. வீடியோவில் வைத்தியம் பார்ப்பது செல்லுமா என்பது ஒன்று, அதற்கு யார் பணம் கொடுப்பார்கள் என்பது மற்றொன்று. முதலாவதைத் தீர்மானிப்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. இரண்டாவதைத் தீர்மானிப்பது அந்தந்தக் காப்பீட்டின் ஒப்பந்தம். முதல் கேள்விக்கு 'செல்லும்' என்று பதில் வந்துவிட்டால் இரண்டாவதற்கும் 'கிடைக்கும்' என்றுதான் அர்த்தம் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். வீண் அலைச்சல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மாமா சொல்லும் ஆறு மாதக் கணக்கு அமெரிக்காவின் மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டத்துடையது. வீட்டிலிருந்தபடி மனநல ஆலோசனை பெறுபவர், முதல் வீடியோ ஆலோசனைக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்திருந்தால்தான் பணம் தருவோம் என்று அங்கே சட்டம் செய்தார்கள். பிறகு அதை நடைமுறைப்படுத்துவதைப் பலமுறை தள்ளிவைத்தார்கள். நம் ஊர் விதியிலும் ஒரு ஆறு மாதம் இருக்கிறது. ஆனால் அதற்கும் பணத்துக்கும் சம்பந்தம் இல்லை. எந்த மருந்தை எழுதலாம் என்பதற்கான கணக்கு அது.

இங்கே நடப்பில் இருப்பது 2020 மார்ச் 25-இல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள். இந்தியாவில் பதிவுபெற்ற டாக்டர் நாட்டின் எந்த மூலையில் இருக்கும் நோயாளியையும் பார்க்கலாம். ஆகவே கோவை டாக்டர், பெரம்பூர் நோயாளி என்பதில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் உங்கள் ஒன்பது மாதத்தில்தான். நேரில் பார்த்த அதே டாக்டர், அதே நோய்க்காக, அந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பார்த்தால்தான் அது 'தொடர் ஆலோசனை'. இடையில் எத்தனை வீடியோ ஆலோசனை நடந்திருந்தாலும் நேரில் பார்த்த தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். அந்தத் தேதியைத் தாண்டிவிட்டால், மூன்று வருடம் பழகிய டாக்டராகவே இருந்தாலும், தொடர் ஆலோசனைக்கான சலுகை போய்விடும்.

அந்தச் சலுகை என்ன என்பது மருந்துப் பட்டியல்களைப் பார்த்தால் தெரியும். 'ஓ' பட்டியலில் இருப்பவை சீட்டில்லாமலே கடையில் கிடைக்கும் சாதாரண மருந்துகள், போன் பேச்சிலும் சொல்லலாம். 'ஏ' பட்டியலில் இருப்பவற்றை முதல் ஆலோசனையிலேயே எழுதலாம், ஆனால் வீடியோவில் முகம் பார்த்திருக்க வேண்டும். 'பி' பட்டியல் தொடர் ஆலோசனைக்கு மட்டும் உரியது, ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு கூடுதலாகச் சேர்ப்பவை. நான்காவது தடைப்பட்டியல். மருந்துச் சட்டத்தின் 'எக்ஸ்' அட்டவணை மருந்துகளும், 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவையும் அதில் அடங்கும். கவனக்குறைவுக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் 'எக்ஸ்' அட்டவணையைச் சேர்ந்தது. அல்ப்ரசோலாம் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருப்பது.

அதனால் கடைக்காரர் மேல் வருத்தப்படாதீர்கள், அவர் செய்தது சரி. அல்ப்ரசோலாம் மருந்துச் சட்டத்தின் 'எச்1' அட்டவணையிலும் இருப்பதால், விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் வந்தால் முதலில் புரட்டுவது அந்தப் பதிவேட்டைத்தான். கோவையிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்து அவர் அதில் என்ன எழுதுவார்? அந்த மாத்திரை தேவைதான் என்றால் உள்ளூர் மனநல மருத்துவர் ஒருவர் அம்மாவை நேரில் பார்த்து எழுதட்டும். ஆனால் ஒன்று, அம்மா இவ்வளவு நாளாக அதைத் தினமும் சாப்பிட்டுவந்தார் என்றால் கடையில் கிடைக்கவில்லை என்று சட்டென நிறுத்தக் கூடாது. நாள்பட்டுச் சாப்பிட்டவர்கள் திடீரென நிறுத்தினால் தூக்கமின்மையும் நடுக்கமும் வரும், சிலருக்கு வலிப்பும் வரலாம். அப்படியானால் இன்றோ நாளையோ ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.க்கு அழைத்துப் போய்விடுங்கள்.

மற்ற மாத்திரைகளுக்குச் சீட்டைப் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ அனுப்புவது செல்லும். அதில் டாக்டர் பெயர், படிப்பு, பதிவு எண், கையெழுத்து, தேதி, நோயாளியின் பெயர், வயது, மருந்தின் வேதிப்பெயர், அளவு, எத்தனை நாளுக்கு என்பது எல்லாம் இருக்க வேண்டும். 'அதே மாத்திரையைத் தொடரவும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தால் அது சீட்டு ஆகாது. கட்டண ரசீதும் கேட்டு வாங்குங்கள், கொடுக்க வேண்டும் என்று அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. ஏன் கேட்கச் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

லித்தியம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வீடியோவில் முகத்தைப் பார்க்கலாம், ரத்தத்தைப் பார்க்க முடியாது. லித்தியத்தில் குணம் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. நீண்ட காலச் சிகிச்சையில் ரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6-லிருந்து 1.0 மில்லிமோல் வரை இருக்கும்படி வைத்திருப்பார்கள். முந்தைய இரவு மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குச் சாப்பிட்டால் காலை 9 மணிக்கு, காலை மாத்திரை போடுவதற்கு முன். நிறையப் பேர் வழக்கம்போல் காலை மாத்திரையைப் போட்டுவிட்டு லேப்புக்குப் போகிறார்கள். அளவு கூடுதலாகக் காட்டுகிறது, வீடியோவில் அதைப் பார்க்கும் டாக்டர் மாத்திரையைக் குறைக்கிறார், இரண்டு மாதத்தில் நோய் திரும்புகிறது. லேப் தாளிலேயே கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று எழுதி அனுப்புங்கள்.

இதோடு கிரியாட்டினின், தைராய்டு பரிசோதனைகளையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். விதியின் ஆறு மாதத்தையும் இந்த ஆறு மாதத்தையும் ஒரே நாளில் சேர்த்துவிடலாம். வருடத்தில் இரண்டு முறை ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு அம்மாவை நேரில் அழைத்துப் போய்க் காட்டுங்கள், நடுவில் வீடியோ போதும். கோவைக்கு அலைய முடியாதென்றால் உள்ளூர் டாக்டரையே முக்கிய டாக்டராக வைத்துக்கொள்வது நல்லது.

சென்னை வெயில் லித்தியத்துக்கு ஆகாது. அக்னி நட்சத்திரத்தில் வியர்த்துக் கொட்டி, தண்ணீரும் சரியாகக் குடிக்காவிட்டால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். வயிற்றுப்போக்கும் வாந்தியும் அதையேதான் செய்யும். பி.பி. இருக்கிறது என்று திடீரென உப்பில்லாச் சமையலுக்கு மாறினாலும் ஏறும். மூட்டுவலிக்குக் கடையில் தாமாக வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவையும், சில பி.பி. மாத்திரைகளும் இந்த வகையில்தான். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் பரவாயில்லை. கை பெரிதாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, இவற்றோடு வாந்தியோ பேதியோ இருப்பது என்றால் வீடியோவுக்கு நேரம் கேட்டு உட்கார்ந்திருக்காமல், அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல், 108-ஐ அழையுங்கள்.

இனி பணம்.

முதல்வர் காப்பீட்டு அட்டைக்கு வெளிநோயாளி ஆலோசனை எதற்குமே பணம் தரும் வழக்கம் இல்லை. போனில் பார்த்தால் என்ன, நேரில் பார்த்தால் என்ன. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, முன் அனுமதி வாங்கி அட்மிட் ஆனால் அந்தச் செலவு நேராக ஆஸ்பத்திரிக்குப் போகும். நாம் கட்டிய பணத்தை ரசீது காட்டித் திரும்ப வாங்கும் வழி இல்லை. அதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த அட்டைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உங்கள் சம்பளம் மட்டுமே வருடத்துக்கு 2,28,000 வருகிறது. அப்பா காலத்து அட்டை கையில் இருப்பதாலேயே உரிமை தொடர்வதாக நினைக்க வேண்டாம். அவசரத்தில் அட்மிட் செய்துவிட்டு அங்கே போய்த் தெரிந்துகொள்வதைவிட, 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் அட்டையின் நிலையை இப்போதே கேட்டுவிடுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் நல்ல காப்பீடு நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்ட இ.எஸ்.ஐ.தான். சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது மாதம் 143 ரூபாய் உங்களிடமிருந்தும், 3.25 சதவீதம் நிறுவனத்திடமிருந்தும் போகிறது. ஓ.பி.யையும் மாதாமாத மாத்திரையையும் சேர்த்துத் தருவது இதுதான். உங்களை நம்பி வாழும் தாயாருக்கும் உண்டு. அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் போல அம்மாவுக்குத் தனி வருமானம் எதுவும் இருந்தால் அதற்கு ஒரு வரம்பு பார்ப்பார்கள், மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலும் எங்கே தடைப்படும் என்றால், வேலைக்குச் சேர்ந்தபோது எச்.ஆர். அவசரத்தில் உங்கள் பெயரை மட்டும் பதிந்திருப்பார், குடும்ப விவரம் காலியாக இருக்கும். நாளைக்கே எச்.ஆரிடம் போய், இ.எஸ்.ஐ. தளத்தில் அம்மாவின் பெயரை ஆதாருடன் சேர்க்கச் சொல்லுங்கள். ஆதாரில் இருக்கும் எழுத்தும் பிறந்த தேதியும் அப்படியே இருக்க வேண்டும், இனிஷியல் மாறினாலும் கவுன்ட்டரில் திருப்பி அனுப்புவார்கள். சேர்த்த பிறகு இ-பெஹ்சான் என்ற இ.எஸ்.ஐ. அடையாள அட்டையைப் புதிதாக அச்செடுத்து, அம்மாவின் பெயர் வந்திருக்கிறதா, எந்த டிஸ்பென்சரி ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அம்பத்தூர்ப் பக்கம் போட்டிருந்தால் வீட்டுக்குப் பக்கத்தில் மாற்றச் சொல்லலாம். டிஸ்பென்சரியில் காட்டி ரெஃபரல் வாங்கிக்கொண்டு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உங்களுக்கு அயனாவரம் எட்டும் தூரம்தான், கே.கே. நகரில் பெரிய மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே இருக்கிறது. பழைய சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி லித்தியம் ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள்.

அங்கே கம்பெனி பெயர் மாறி மாத்திரை வரும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மாத்திரை அட்டையில் 'எஸ்.ஆர்.' அல்லது 'சி.ஆர்.' என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பழைய அட்டையோடு ஒப்பிடுங்கள். மெதுவாகக் கரையும் லித்தியமும் சாதாரண லித்தியமும் மில்லிகிராம் கணக்கில் ஒன்றாக இருந்தாலும் ரத்தத்தில் ஒரே மாதிரி நிற்காது. மாறியிருந்தால் டாக்டரிடம் சொல்லி, ஒரு வாரம் கழித்து ரத்த அளவைப் பார்த்துவிட வேண்டும்.

கோவை டாக்டரின் 700 ரூபாயை இ.எஸ்.ஐ. தராது. ரெஃபரல் இல்லாமல் தனியாரிடம் நாமாகப் போனது அது. சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. போய்விடுமே என்றும் யோசிப்பீர்கள். ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இரண்டு பங்களிப்புக் காலங்கள் உண்டு. நடுவில் சம்பளம் ஏறினாலும் அந்தக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடரும், உரிமையும் தொடரும்.

அக்காவின் குரூப் பாலிசிக்கு வருவோம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு, உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. 2018 ஆகஸ்டில் காப்பீட்டு ஆணையமும் எல்லா நிறுவனங்களுக்கும் இதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. 2020 ஜூனில் வந்த இன்னொரு சுற்றறிக்கை, டாக்டர் ஆலோசனைக்குப் பாலிசி பணம் தருமானால் தொலைமருத்துவ ஆலோசனைக்கும் தர வேண்டும் என்றது. அந்த 'தருமானால்' என்பதைக் கவனியுங்கள். ஓ.பி. வசதி உள்ள பாலிசி என்றால் 700 ரூபாய் ரசீது செல்லும். இல்லையென்றால் நேரில் பார்த்த ரசீதே செல்லாது, வீடியோ ரசீது எப்படிச் செல்லும்?

ஓ.பி. இல்லாத பாலிசியிலும் ஒரு வாசல் உண்டு. அட்மிட் ஆவதற்கு முன் 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் என்ற கணக்கில் பல பாலிசிகள் அந்த நோய் தொடர்பான செலவைத் தருகின்றன. நாள் கணக்கு பாலிசிக்குப் பாலிசி மாறும், அக்காவிடம் பாலிசி வாசகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மா எப்போதாவது அட்மிட் ஆக நேர்ந்தால், அந்த நாட்களில் நடக்கும் வீடியோ ஆலோசனை, ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாவற்றையும் கிளெய்ம் செய்யலாம். ரசீது கேட்டு வாங்கச் சொன்னது இதற்காகத்தான். டாக்டர் பதிவு எண் உள்ள ரசீது, அதே தேதியிட்ட சீட்டு, சீட்டில் உள்ள மருந்து மட்டுமே இருக்கும் கடை பில், டிஸ்சார்ஜ் சம்மரி, இந்த நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். யு.பி.ஐ. ஸ்கிரீன்ஷாட்டை ரசீதாக ஏற்க மாட்டார்கள். கடை பில்லில் ஹார்லிக்ஸையும் சேர்த்துப் போட்டால் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டியவர்கள், முழுவதையும் திருப்பி அனுப்பி விளக்கம் கேட்பார்கள்.

'மனநோய் என்பதால் கிடையாது' என்று எழுதித் தந்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படியொரு மறுப்பு செல்லாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2021-இல் ஒரு பொதுத்துறை நிறுவனத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்திருக்கிறது. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கும் காப்பீட்டு ஓம்பட்ஸ்மேன் அலுவலகத்துக்குப் போகலாம். நிறுவனம் மறுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், குரூப் பாலிசிக்காரர்களும் போகலாம்.

அம்மா உட்கார மறுக்கும் நாட்களைப் பற்றி. நோயாளியே அழைத்தால் அவர் சம்மதம் இருப்பதாகத்தான் கொள்வார்கள். மகன் தனியாகப் பேச வேண்டுமென்றால், அவர் சார்பில் பேசும் அதிகாரம் உங்களுக்கு எழுத்தில் இருக்க வேண்டும், அல்லது நேரில் பார்த்தபோது உங்கள் பெயரை டாக்டர் சரிபார்த்துக் குறித்திருக்க வேண்டும். இதற்கு எளிய வழி, மனநலச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. அம்மா தெளிவாக இருக்கும் ஒரு நாளில், வெள்ளைத் தாளில், 'என் மகன் இன்னாரை என் நியமனப் பிரதிநிதியாக நியமிக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். முத்திரைத்தாளோ நோட்டரியோ வேண்டாம். ஒரு நகலைக் கோவைக்கும், ஒன்றை இ.எஸ்.ஐ. கோப்புக்கும் கொடுத்துவிடுங்கள். அம்மா மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் அதை ரத்து செய்யலாம், அதையும் அவரிடமே சொல்லுங்கள். சொன்னால் கையெழுத்துப் போடத் தயங்க மாட்டார்.

இ.எஸ்.ஐ. பதிவு முடியும்வரை கையில் பணத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலோ ஸ்டான்லியிலோ ஓ.பி.யில் காட்டலாம். மருந்து இலவசம், எந்த அட்டையும் தேவையில்லை. வீட்டிலிருந்தே பேச வேண்டுமென்றால் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவை அது, நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. எந்த நேரமும் தமிழில் பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார், தேவையானால் மனநல மருத்துவருக்கு மாற்றுவார். லித்தியத்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் அந்த எண்ணை நம்பக் கூடாது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அம்மா மூன்று நாளாகத் தூங்காமல் பேசிக்கொண்டே இருக்கிறார், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா, காலை வரை பொறுக்கலாமா என்று கேட்க ஏற்ற இடம் அதுதான்.